குயின் மேரி ஏன் நிற்கவில்லை?

நீங்கள் ஒரே மூச்சில் நான்கு கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். இரண்டாம் உலகப் போரில் குயின் மேரி என்ற பிரிட்டிஷ் பயணிகள் கப்பல் தனக்குக் காவலாக வந்த போர்க்கப்பலையே மோதி இரண்டாகப் பிளந்தது உண்மையா? பிளந்துவிட்டு, தண்ணீரில் கிடந்தவர்களை எடுக்காமல் போனது ஏன்? ஆடம்பரப் பயணத்துக்காகக் கட்டிய கப்பலுக்குப் போரில் என்ன வேலை, அதன் தலைக்கு ஹிட்லர் விலை வைத்தார் என்பது மெய்யா? அந்தக் கப்பலை இன்றும் பார்க்க முடியுமா? எல்லாவற்றையும் படித்துப் பார்த்தால், உங்களை உறுத்துவது இரண்டாவது கேள்விதான் என்று தோன்றுகிறது. நிற்காமல் போனது கொடுமையா, கடமையா என்று அறிய விரும்புகிறீர்கள். நான் வணிகக் கப்பல்களில், கப்பலைச் செலுத்தும் மேல்தளமான பிரிட்ஜில் நின்று காவல் பார்த்தவன். மோதல் தவிர்ப்பு விதிகளைப் படித்துத் தேர்வெழுதியவன். பிறகு இளையவர்களுக்கு அவற்றைச் சொல்லிக்கொடுத்தவன். கடற்படையில் பணியாற்றியதில்லை, போரைக் கண்டதுமில்லை. ஆகவே, கப்பலோட்டும் பக்கத்திலிருந்து என்னால் சொல்ல முடிந்ததைச் சொல்கிறேன்.

மோதியது உண்மை. 1942 அக்டோபர் 2 அன்று, அயர்லாந்துக்கு வடக்கே, பட்டப்பகலில், தெளிவான வானிலையில் நடந்தது. நிற்காமல் போனதும் உண்மை. ஆனால் இதைத் தனி விபத்தாக எடுத்துப் பார்த்தால் புரியாது. குயின் மேரியின் வாழ்க்கை முழுவதையும் நிர்ணயித்தது ஒன்றே ஒன்று: வேகம். போரில் அதைக் காப்பாற்றியது வேகம், அந்த மோதலுக்கு வழி வகுத்தது வேகம், நிற்க விடாமல் செய்ததும் வேகம்தான். அந்த வேகமோ போருக்காக உண்டானதல்ல. ஒரு கப்பல் நிறுவனத்தின் வாரக் கணக்கிலிருந்து பிறந்தது.

1920களில் குனார்ட் நிறுவனம் சவுத்தாம்ப்டனுக்கும் நியூயார்க்குக்கும் இடையே வாரம் ஒரு கப்பல் விட மூன்று பெரிய கப்பல்களை ஓட்ட வேண்டியிருந்தது: மாரிடேனியா, அக்விடேனியா, பெரன்கேரியா. ஐந்து நாளுக்குள் அட்லாண்டிக்கைக் கடந்து, துறைமுகத்தில் சரக்கு, எண்ணெய், உணவு எல்லாம் ஏற்றிக்கொண்டு உடனே திரும்பும் கப்பல் இருந்தால் அந்த வேலையை இரண்டே கப்பல்கள் செய்துவிடும். அதற்குக் கிட்டத்தட்ட இருபத்தெட்டரை நாட் வேகத்தை, வானிலை எப்படி இருந்தாலும், வாராவாரம் தாங்க வேண்டும். நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல். இருபத்தெட்டரை நாட் என்றால் மணிக்கு சுமார் 53 கிலோமீட்டர். நெடுஞ்சாலையில் இது பெரிய வேகமில்லை. எண்பதாயிரம் டன் கப்பல் நாள் முழுவதும், இரவு முழுவதும் அலையைக் கிழித்துக்கொண்டு அந்த வேகத்தில் போவது வேறு விஷயம். 24 கொதிகலன்கள், நான்கு தொகுதி நீராவி டர்பைன்கள், நீருக்குள் சுழன்று கப்பலைத் தள்ளும் நான்கு உந்திகள், 1,60,000 குதிரைத்திறன், நாளுக்கு ஏறத்தாழ ஆயிரம் டன் எண்ணெய் என்று எல்லாமே அந்த ஒரு தேவையிலிருந்து வந்தவை. பளபளக்கும் மரவேலைப்பாட்டையும் முதல் வகுப்பு உணவுக் கூடத்தையும் பற்றித்தான் எல்லோரும் எழுதுகிறார்கள். கப்பல்காரர்களின் பார்வையில் அவை அந்த எஞ்சின்களின் மேல் போட்ட அலங்காரம்.

ஸ்காட்லாந்தில் கிளைட் ஆற்றங்கரையில் உள்ள ஜான் பிரௌன் கப்பல் கட்டும் தளத்தில் 1930 டிசம்பரில் வேலை தொடங்கியது. அப்போது பெயரில்லை, 534 என்ற எண் மட்டும். ஓராண்டில் பொருளாதார மந்தம் குனார்டின் கழுத்தை நெரித்தது. 1931 டிசம்பரில் வேலை நின்றது. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் அந்த இரும்புக்கூடு துருப்பிடித்து நின்றது; அதை நம்பியிருந்த ஊர் வேலையின்றிக் கிடந்தது. கடைசியில் அரசு 95 லட்சம் பவுன் கடன் கொடுத்தது. குனார்ட், தன் பழைய போட்டியாளரான ஒயிட் ஸ்டார் நிறுவனத்தோடு இணைய வேண்டும் என்பது நிபந்தனை. டைட்டானிக்கின் சொந்தக்காரர்களான அதே ஒயிட் ஸ்டார்தான். 1934 ஏப்ரலில் வேலை மீண்டும் தொடங்கியது. அதே ஆண்டு செப்டம்பர் 26 அன்று அரசி மேரியே வந்து தன் பெயரைச் சூட்டிக் கப்பலை நீரில் இறக்கினார். 1936 மே 27 அன்று முதல் பயணம். அந்த ஆகஸ்டிலேயே அட்லாண்டிக்கை மிக விரைவாகக் கடந்த கப்பலுக்குரிய புளூ ரிபாண்ட் பெருமையை பிரெஞ்சுக் கப்பல் நார்மண்டியிடமிருந்து பறித்தது, 1937இல் இழந்தது, 1938இல் 30.99 நாட் சராசரியில் மேற்கு நோக்கியும் 31.69 நாட்டில் கிழக்கு நோக்கியும் கடந்து மீட்டது. பிறகு 1952 வரை அதை எவராலும் பறிக்க முடியவில்லை.

1939 ஆகஸ்ட் கடைசியில் சவுத்தாம்ப்டனிலிருந்து புறப்பட்ட கப்பல் நடுக்கடலில் இருந்தபோது போர் அறிவிக்கப்பட்டது. நியூயார்க்கில் ஒதுக்கி வைத்து, உடல் முழுவதும் சாம்பல் நிறம் பூசினார்கள். 1940 மார்ச்சில் சிட்னிக்கு அனுப்பி, படைவீரர்களை ஏற்றும் கப்பலாக மாற்றினார்கள். முதல் இரண்டு ஆண்டுகள் பெரும்பாலும் இந்தியப் பெருங்கடலில்தான் கழிந்தன. நம் பக்கத்துக் கடலோடு அதற்கு உள்ள தொடர்பு அந்தக் காலத்தது. ஆஸ்திரேலியப் படைகளைச் சூயஸுக்குக் கொண்டுபோகும் வழியில் திருகோணமலையில் நின்று எண்ணெய் நிரப்பிக்கொள்ளும். இவ்வளவு ஆழம் தேவைப்படும் கப்பலை உள்ளே விடக்கூடிய இயற்கைத் துறைமுகங்கள் அந்த வழியில் அதிகமில்லை. 1941 பிப்ரவரியில் ஆஸ்திரேலியாவின் எட்டாவது டிவிஷனை (பல ஆயிரம் வீரர்கள் கொண்ட பெரும் படைத்தொகுதி) சேர்ந்த முதல் படைப்பிரிவைச் சிங்கப்பூரில் இறக்கியதும் இதே கப்பல்தான். ஓராண்டு கழித்துச் சிங்கப்பூர் வீழ்ந்தபோது, அவர்களில் உயிரோடு எஞ்சியவர்கள் ஜப்பானியரிடம் சிறைப்பட்டார்கள். குளிர்ந்த அட்லாண்டிக்குக்காகக் கட்டிய கப்பல் அது. செங்கடல் வெக்கையில், காற்றில்லாத கீழ்த்தளங்களில் அடைபட்டவர்கள் பட்ட பாடு மிகக் கடுமையானது.

அமெரிக்கா போருக்குள் வந்த பிறகுதான் இதன் முழுப் பயன் தெரிந்தது. பெரும்பாலான சரக்குக் கப்பல்கள் ஏழு முதல் பத்து நாட் வேகத்தில், கூட்டமாக, போர்க்கப்பல் காவலோடு ஊர்ந்து போகும். ஜெர்மனி அதிகம் பயன்படுத்திய நீர்மூழ்கி நீர்மட்டத்தில் 17 நாட் சொச்சம் ஓடும். மூழ்கினால் ஏழரைக்கு மேல் போகாது. குயின் மேரியைத் துரத்திப் பிடிக்க அதனால் இயலாது. பாதையை முன்கூட்டியே அறிந்து எதிரே காத்திருந்தால் மட்டும் ஒரு வாய்ப்பு. அந்த வாய்ப்பையும் கெடுக்கத்தான் கப்பல் நேராகப் போகாமல், குறித்த சில நிமிடங்களுக்கு ஒருமுறை இடமும் வலமுமாகத் திரும்பித் திரும்பிச் செல்லும் ஜிக்ஸாக் முறை. எனவே நடுக்கடலில் அது தனியாகவே போனது. கூட வர வேறு கப்பல்களால் முடியாது, வரத் தேவையுமில்லை.

இந்த வேகத்தை நம்பித்தான் ஒரு பயங்கரமான முடிவை எடுத்தார்கள். சர்ச்சில் தன் போர் நினைவுகளில் இதைப் பதிவு செய்திருக்கிறார். குயின் மேரியிலும் அதன் தங்கைக் கப்பலான குயின் எலிசபெத்திலும் எத்தனை பேரை ஏற்றலாம் என்று அமெரிக்கத் தரைப்படைத் தலைவர் ஜார்ஜ் மார்ஷல் அவரிடம் கேட்டார். உயிர்காப்புப் படகுகளும் மிதவைகளும் சுமார் எட்டாயிரம் பேருக்குத்தான் போதும். அந்தக் கணக்கை விட்டுவிட்டால் பதினாறாயிரம் பேரை ஏற்றலாம். நாங்களாக இருந்தால் என்ன செய்வோம் என்று சொல்லலாம், துணிவதா வேண்டாமா என்பதை நீங்கள்தான் தீர்மானிக்க வேண்டும் என்பது சர்ச்சில் சொன்ன பதிலின் சாரம். மார்ஷல் ஏற்றச் சொன்னார். ஒரு காலாட்படை டிவிஷன் முழுவதும் ஒரே கப்பலில் ஐந்தாறு நாளில் அட்லாண்டிக்கைக் கடந்தது. ஒரே கட்டிலை முறை வைத்துப் பலர் பயன்படுத்தினார்கள். நாளுக்கு இரண்டு வேளை உணவு. நீச்சல் குளத்திலும் கட்டில்கள். கப்பலை மூன்று பகுதியாகப் பிரித்து, சிவப்பு, வெள்ளை, நீலம் என ஒவ்வொருவருக்கும் ஒரு நிற வில்லை கொடுத்தார்கள். தன் நிறப் பகுதியை விட்டு நகரக் கூடாது. பதினைந்தாயிரம் பேர் ஒரே நேரத்தில் ஒரு பக்கம் சாய்ந்தால் கப்பலும் சாயும். 1943 ஜூலையில் ஒரு பயணத்தில் 15,740 வீரர்களும் 943 பணியாளர்களுமாக 16,683 பேரோடு நியூயார்க்கிலிருந்து வந்தது. ஒரு கப்பலில் இத்தனை பேர் பயணம் செய்தது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

இந்தப் பின்னணியை மனத்தில் வைத்துக்கொண்டு 1942 அக்டோபர் 2க்கு வாருங்கள். கப்பலில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்க வீரர்கள். கேப்டன் சிரில் இல்லிங்வொர்த். அயர்லாந்தை நெருங்கிவிட்டதால் ஜெர்மன் விமானங்கள் எட்டக்கூடிய தூரம், அதற்காகத்தான் காவல். முன்னே தொலைவில் டெஸ்ட்ராயர்கள் என்னும் வேகமான சிறு போர்க்கப்பல்கள். அருகில் விமான எதிர்ப்புப் பீரங்கிகள் பொருத்திய குராசோவா என்ற க்ரூஸர், அதாவது டெஸ்ட்ராயரைவிடப் பெரிய போர்க்கப்பல். அது முதல் உலகப் போர்க் காலத்தில் கட்டிய நான்காயிரம் டன் கப்பல். அதன் கேப்டன் ஜான் பௌட்வுட். விமானத்தைச் சுட வேண்டுமென்றால் காக்கப்படும் கப்பலுக்கு அருகில் இருந்தாக வேண்டும். சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. குயின் மேரி இருபத்தெட்டரை நாட்டில் வளைந்து வளைந்து வந்தது. வளைவுகளைக் கழித்தால் முன்னேறிய வேகம் இருபத்தாறரை. குராசோவாவின் பழைய எஞ்சின்களால் இருபத்தைந்து நாட் அளவே ஓட முடிந்தது. அதனால் வளையாமல் நேராகப் போனது. பின்னாலிருந்து பெரிய கப்பல் மெல்ல மெல்ல நெருங்கியது.

முந்திச் செல்லும் கப்பல்தான் விலகிப் போக வேண்டும் என்பது கடல் விதி. அன்றும் அதுதான், இன்றும் அதுதான். குயின் மேரி முந்துகிறது, ஆகவே அது விலகும் என்று பௌட்வுட் எண்ணினார். நான் காக்கப்படும் கப்பல், எனக்கிட்ட கட்டளைப்படி வளைந்து செல்கிறேன், காவல் கப்பல்களுக்கு இது பழக்கம், அவர்கள் விலகிக்கொள்வார்கள் என்று இல்லிங்வொர்த் எண்ணினார். பிரிட்ஜில் பணியில் இருந்த அதிகாரி ஒரு கட்டத்தில் ஐயப்பட்டு விலக்கத் தொடங்கியபோது, ஜிக்ஸாக்கைத் தொடருமாறு கேப்டன் சொன்னார் என்பது விசாரணையில் வெளிவந்தது. இருவருமே அனுபவசாலிகள், இருவருமே எதிரே இருந்த கப்பலைக் கண்ணால் கண்டுகொண்டிருந்தார்கள்.

அப்படியிருந்தும் எப்படி மோதினார்கள் என்று கப்பல் தெரியாதவர்கள் வியக்கிறார்கள். எனக்கு அது வியப்பாக இல்லை. மோதல் ஆபத்து இருக்கிறதா என்று அறிய எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் சோதனை இது: எதிர்க் கப்பலின் திசையைத் திசைகாட்டியில் பார். நேரம் போகப் போக அந்தத் திசை மாறாமலும் தூரம் மட்டும் குறைந்துகொண்டும் வந்தால் மோதப்போகிறாய். ஆனால் ஒரு கப்பல் சில நிமிடங்களுக்கு ஒருமுறை திரும்பினால் இந்தச் சோதனை பொய் சொல்லும். இப்போது விலகிப் போவதுபோல் தெரியும். அடுத்த திருப்பத்தில் நேரே உன் மேல் வரும். கூடவே வேகத்தையும் சேருங்கள். இருபத்தெட்டரை நாட்டில் கப்பல் ஒரு நொடிக்கு பதினான்கரை மீட்டருக்கு மேல் போகிறது. முந்நூற்றுப் பத்து மீட்டர் நீளமுள்ள தன் உடலை இருபத்தோரு நொடியில் கடந்துவிடுகிறது. தவறு என்று தெரிந்த பிறகு சுக்கானைத் திருப்ப அவகாசம் இல்லை. பெரிய கப்பல் அருகே ஓடும்போது அதைச் சுற்றி மாறும் நீரழுத்தம் சிறிய கப்பலைத் திசை பிறழச் செய்யும். கடைசி நிமிடத்தில் அதுவும் சேர்ந்திருக்கலாம் என்பது என் ஊகம், உறுதியல்ல. எடையில் பதினைந்து மடங்குக்கும் மேற்பட்ட கப்பலின் முன்முனை குராசோவாவை அறுத்துக்கொண்டு போனது. பின்பாதி உடனே மூழ்கியது; சில நிமிடங்களில் முன்பாதியும் போயிற்று. இறந்தவர்கள் 337 அல்லது 338. ஆவணத்துக்கு ஆவணம் ஒன்று வேறுபடுகிறது. பிழைத்தவர்கள் நூறு பேர் அளவில், பௌட்வுட் உட்பட.

குயின் மேரி ஏன் நிற்கவில்லை? எதற்காகவும் நிற்கக் கூடாது என்பது அதற்கு இடப்பட்ட கட்டளை. நின்றால் அந்த வேகம் தந்த காப்பு அந்த நொடியே போய்விடும். படகுகள் போதாத கப்பலில் பத்தாயிரம் பேர். நீர்மூழ்கிகள் திரியும் கடல். முன்முனை எவ்வளவு உடைந்திருக்கிறது என்பதே அப்போது தெரியாது. இல்லிங்வொர்த் டெஸ்ட்ராயர்களுக்குச் செய்தி அனுப்பினார். வேகத்தைக் குறைத்துக்கொண்டு தொடர்ந்து போனார். டெஸ்ட்ராயர்கள் திரும்பி வந்து சேரும்வரை, எண்ணெய் படர்ந்த குளிர்நீரில் கிடந்தவர்களில் பலர் தாங்கவில்லை. அவர் எடுத்த முடிவு சரி என்றே நான் கருதுகிறேன். அவருடைய இடத்தில் எந்தக் கப்பல் கேப்டனும் வேறு முடிவு எடுத்திருந்தால் அதுதான் குற்றமாகியிருக்கும். நின்றிருந்தால் ஏதாவது நடந்திருக்குமா என்பது வேறு. அருகில் நீர்மூழ்கி இருந்ததா என்பதை அவர் அறிய வழியில்லை, அறிய முயலும் நேரமும் இல்லை. மோதலுக்கு முந்தைய நிமிடங்களைப் பற்றி என் கருத்து இவ்வளவு இணக்கமானதல்ல. எதிர்க் கப்பல் என்ன செய்யும் என்று ஊகித்துக்கொண்டு இரு பிரிட்ஜுகளும் காத்திருந்தன. நெருங்குகிறது என்று முதலில் ஐயப்பட்டவர் கேட்டிருக்க வேண்டும், அல்லது விலகியிருக்க வேண்டும்.

நீதிமன்றமும் ஒருவாறு இங்கேதான் வந்து நின்றது. போர் முடியும்வரை செய்தி வெளியே வரவில்லை. 1945இல் கடற்படைத் தலைமையகம் குனார்ட் மீது வழக்குத் தொடுத்தது. 1947இல் நீதிபதி பில்ச்சர் குயின் மேரி மீது குற்றமே இல்லை, முழுப் பொறுப்பும் க்ரூஸரின் அதிகாரிகளுடையது என்றார். மேல்முறையீட்டில் அது மாறியது: மூன்றில் இரண்டு பங்கு கடற்படை மீது, ஒரு பங்கு குனார்ட் மீது. அன்று பிரிட்டனின் இறுதி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த பிரபுக்கள் சபை அதை உறுதி செய்தது. ஆகவே குயின் மேரி குற்றமற்றது என்றும், முழுக்கக் குற்றவாளி என்றும் இணையத்தில் நீங்கள் படிக்கும் இரண்டு வாக்கியங்களுமே பாதிதான்.

இனி ஐயத்துக்குரியவை. ஹிட்லர் இதை மூழ்கடிப்பவருக்கு இரண்டரை லட்சம் டாலரும் இரும்புச் சிலுவை என்ற ஜெர்மன் படைப் பதக்கமும் அறிவித்தார் என்ற கதை எல்லா இடத்திலும் உள்ளது. ஒருவர் சொன்னதை அடுத்தவர் சொல்வதாகவே அது வளர்ந்திருக்கிறது. மூல ஜெர்மன் ஆணையை எடுத்துக்காட்டிய எவரையும் நான் படித்ததில்லை. ஜெர்மன் பரிசை டாலரில் சொல்வதே எனக்கு உறுத்துகிறது. இதைச் செவிவழிச் செய்தியாக வைத்துக்கொள்ளுங்கள். 1942 டிசம்பரில் ஒரு பேரலை அடித்துக் கப்பல் கவிழும் அளவுக்குச் சாய்ந்தது என்பதில், கடுமையாகச் சாய்ந்தது என்பதை நம்பலாம். கப்பலில் இருந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். 52 பாகை சாய்ந்தது, இன்னும் மூன்று பாகை போயிருந்தால் கவிழ்ந்திருக்கும் என்ற எண்கள் பின்னாளில் கணித்துச் சொன்னவை. போரில் ஏற்றிய மொத்த வீரர்களின் தொகையும் நூலுக்கு நூல் மாறுகிறது. ஏழரை லட்சத்துக்குக் குறையாது என்பது உறுதி. இந்தக் கப்பலும் இதன் தங்கை குயின் எலிசபெத்தும் போரை ஓராண்டு சுருக்கின என்கிறார்கள். இவை இல்லாவிட்டால் இறுதி வெற்றி தள்ளிப்போயிருக்கும் என்று சர்ச்சில் எழுதினார். அந்த வாக்கியத்தில் காலக்கணக்கு இல்லை. 1944இல் பிரான்சின் நார்மண்டி கடற்கரையில் நடந்த படையெடுப்புக்கு முன் பிரிட்டனில் அமெரிக்கப் படையைக் குவிக்க இவை இரண்டும் செய்தது மிகப் பெரிய வேலை; அதை மாதக் கணக்காக மாற்ற எனக்குத் தெரிந்து வழியில்லை.

போர் முடிந்ததும் அமெரிக்க வீரர்களை மணந்த பிரிட்டிஷ் பெண்களையும் குழந்தைகளையும் 1946இல் கொண்டுபோய்ச் சேர்த்தது. 1947 ஜூலை 31 அன்று மீண்டும் பயணிகள் சேவை. அதன் பின் வந்த பத்தாண்டுகள்தான் அதைக் கட்டியவர்கள் கனவு கண்ட காலம். இரண்டு கப்பல், வாரம் ஒரு புறப்பாடு, லாபம். 1958இல் ஜெட் விமானங்கள் அட்லாண்டிக்கைக் கடக்கத் தொடங்கியதும் அந்தக் கணக்கு உடைந்தது. சில மணி நேரத்தில் கடக்க முடிகிறபோது, ஐந்து நாளை நான்கரை நாளாக்க தினம் ஆயிரம் டன் எண்ணெய் எரிப்பதில் பொருளில்லை. 1967இல் கலிபோர்னியாவின் லாங் பீச் நகரம் 34.5 லட்சம் டாலருக்கு வாங்கியது. அந்த டிசம்பர் 9 அன்று கப்பல் அங்கே போய்ச் சேர்ந்தது.

இன்றும் அங்கேயே இருக்கிறது, ஹோட்டலாகவும் அருங்காட்சியகமாகவும். கொதிகலன்களை எடுத்துவிட்டார்கள்; இனி அது ஓடாது. நீங்கள் போனால் மேல்தளத்து அறைகளிலேயே நேரத்தைச் செலவிட்டுவிடாமல், பின்புற எஞ்சின் அறைக்கு இறங்குங்கள். டர்பைன்களும், நீருக்குள் நிற்கும் ஓர் உந்தியைக் காட்டும் அறையும் உள்ளன. மேலே நான் வேகம் என்று சொன்னதெல்லாம் அங்கே கண்ணுக்குத் தெரியும். குராசோவா கிடக்கும் இடம் பிரிட்டிஷ் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட போர்க் கல்லறை. அங்கிருந்து எதையும் எடுக்க யாருக்கும் அனுமதியில்லை.